எந்த லைசென்ஸைப் பார்த்திருக்க வேண்டும்?

மாங்காட்டு நண்பரின் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். லின்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னல் உயரத்தோடு, நின்றுபோன வீடு, 18 லட்சம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்ட கான்ட்ராக்டர், 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பியது. அதையெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தோமே, அப்போது டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார்: "படிச்ச ஆளு நீங்க. லைசென்ஸ் இருக்கான்னு பாத்துட்டுப் பணம் கொடுத்திருக்க வேண்டாமா?" மூன்று நாளாக அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

எந்த லைசென்ஸ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். தள்ளுவண்டியில் இட்லி விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டுக்கு வயரிங் செய்பவருக்கு மின் உரிமம் வேண்டும். பொதுப்பணித் துறை வேலை எடுக்க வேண்டுமானால் அங்கே கான்ட்ராக்டராகப் பதிவு செய்திருக்க வேண்டும். என் மனையில், என் காசில், என் பிள்ளைகள் தலைக்கு மேல் ரூஃப் போடுகிறவருக்கு மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு போதும். பிளானில் கையெழுத்துப் போடும் இன்ஜினியருக்குப் பதிவு எண் இருக்கிறது, வாஸ்தவம். நண்பர் அந்த இன்ஜினியரின் முகத்தையே பார்த்ததில்லை.

2024 ஜூலையில், பிளான் விதிப்படி இருக்கிறது என்று நாமே சான்று கொடுக்கும் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நல்ல விஷயம்தான், ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த வீட்டை எடுத்துக் கட்டப்போகிற மேஸ்திரி இதற்கு முன் எதைக் கட்டினார், அது இன்னும் நிற்கிறதா என்பதற்கும் அந்த அனுமதிக்கும் சம்பந்தமில்லை. மாங்காட்டிலிருந்து அதிக தூரமில்லாத மவுலிவாக்கத்தில் 2014-ல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது எவ்வளவு பேசினோம்! எல்லாம் பெரிய கட்டடங்களைப் பற்றித்தான். அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவன் எந்தக் கணக்கில் வருகிறான்?

'அதான் ரெரா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கிறதே' என்று ஒருவர் கிளம்புவார். ரெரா மனையோ ஃபிளாட்டோ போட்டு விற்கிறவர்களுக்கானது. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்து வீடு கட்டுகிறவனை அது எட்டிக்கூடப் பார்க்காது.

'அக்ரிமெண்ட் போட்டிருக்கலாமே' என்பது அடுத்தது. இதற்கு என் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

2017-ல் கொளத்தூர் வீட்டின் மேல் மாடி எடுத்தோம். மாமா கைகாட்டிய மேஸ்திரி. சனிக்கிழமை தோறும் ரொக்கம். அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், எல்லாவற்றையும் டைரியில் எழுதுவார். முதல் மூன்று பக்கங்களில் மேஸ்திரியின் கையெழுத்து இருக்கிறது. நான்காவது பக்கத்திலிருந்து இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வாரா வாரம் கையெழுத்துக் கேட்டா சந்தேகப்படற மாதிரி இருக்குடா" என்றார். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கைக் கீழே வைக்காமல் கான்கிரீட் போட்டார்கள். ரூஃப் போட்ட மறுநாளே ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட, கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது அறுபது தாண்டிய என் அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோஸ் பைப்போடு. இரண்டாவது மழைக்குப் பூச்சு பெயர்ந்து அம்மாவின் தையல் மெஷின் மேல் விழுந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதத்தில், நிபுணர் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு நான்கு வருடம் ஆனது. மேஸ்திரி வக்கீல் வைத்து, 'நான் வாங்கியது மூன்று லட்சம்தான்' என்றார். டைரியின் மூன்று பக்கம்! தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அதோடு போனால் மேஸ்திரி அந்த விலாசத்தில் இல்லை. உத்தரவை மதிக்காவிட்டால் மூன்று வருடம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. ஆள் கிடைத்தால்தானே?

அதனால்தான் சொல்கிறேன், வீடு கட்டித் தருகிற கான்ட்ராக்டருக்கும் மேஸ்திரிக்கும் பதிவு வேண்டும். பரீட்சை வைக்கச் சொல்லவில்லை. பெயர், விலாசம், இதுவரை கட்டிய வீடுகள், மேலே இருக்கிற வழக்குகள். இதை வார்டு ஆபீஸில் போய்ப் பார்க்க முடிந்தால் போதும்.

'சித்தாளாக வந்து மேஸ்திரியான ஏழையின் வயிற்றில் அடிக்கிறாயே' என்பீர்கள். இது எனக்கும் உறுத்துகிறது. பதிவு என்று வந்தால் அதற்கொரு புரோக்கர் வருவான், லஞ்சம் வரும், நல்ல மேஸ்திரிதான் அலைவார். மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சித்தாளுக்கே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அட்டை இருக்கிறது. அவரை வேலைக்குக் கூட்டி வருகிறவருக்கு?

ஓனர்களும் கடைசித் தவணையைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள்தான். அதை மேஸ்திரிகள் எழுதட்டும், நான் லைக் போடுகிறேன்.

எனக்கு ஆறாதது பணம் இல்லை. தீர்ப்பு வந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், மேஸ்திரியைக் கைகாட்டிய அதே மாமா, நாலு பேர் காதில் விழும்படி, "நீங்க கொஞ்சம் விசாரிச்சிருக்கணும் அத்தான்" என்றார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரசம் ஊற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நண்பரும் அப்படித்தான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்டவரின் பெயரை நான் போடவில்லை. அவர் இதைப் படிப்பார். அந்தக் கான்ட்ராக்டரின் நம்பர் நண்பருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.