அது வேற்றுக்கிரகவாசி அல்ல, கூகைக் குஞ்சு

வெள்ளை முகமும் கறுப்புக் கண்ணுமாகச் சில உருவங்கள் சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வீடியோ, 'வேற்றுக்கிரகவாசிகள் சிக்கின' என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. தவறு. 2017-இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் எடுத்தது என்று பரவிய பழைய வீடியோதான் அது. நிற்பவை கூகை என்னும் ஆந்தையின் குஞ்சுகள். இறகு முழுசாக முளைக்காததால்தான் அந்தக் கோலம்.

கூடவே ஒரு வால்: 'வீட்டருகே கூகை கத்தினால் சாவு விழும்.' குஞ்சுகள் போடுவது பசிச் சத்தம், குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீறல். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூகை குடியிருந்தபோது இரண்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினோம். செத்தது எலிகள் மட்டும். காலையில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். எச்சமில்லை, செரிக்காத முடியையும் எலும்பையும் கக்கியது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு பல்லோடு வரும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை!

கூட்டைக் கலைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பொரித்த இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தாமாகவே பறக்கத் தொடங்கிவிடும்.