பிப் எல்லாவற்றையும் இறக்கித் தராது
"ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) போதும், மிச்சத்தை பிப் பார்த்துக்கொள்ளும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை தம்பி. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் தேடிப் பிடிப்பது பைத்தான் பேக்கேஜ்களை மட்டும்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பைத்தானை இணைக்கும் சைகோபிஜி2-ஐ சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நிறுவ, சி கம்பைலரும், லிப்பிக்யூ என்ற போஸ்ட்கிரெஸின் சி நூலகத்துக்கான ஹெடர் கோப்புகளும் கணினியில் முன்பே இருக்க வேண்டும். கடலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 'பிஜி_கான்ஃபிக் கிடைக்கவில்லை' என்ற பிழையோடு பிள்ளைகள் ஒரு மதியம் முழுக்கத் திண்டாடியதைப் பார்த்தவன் நான். அந்த ஹெடர் கோப்புகளும் பிஜி_கான்ஃபிக் கருவியும் அடங்கிய லிப்பிக்யூ-டெவ் பேக்கேஜைப் போட்டதும் ஓடியது.

முன்பே கம்பைல் செய்து வரும் சைகோபிஜி2-பைனரி பேக்கேஜ் இதெல்லாம் இல்லாமலே ஓடுகிறதே என்பீர்கள். அதற்குள் லிப்பிக்யூவின் நகல் ஒன்று அடைத்தே வருகிறது. அதில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் கணினியின் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேட் கட்டளை அந்த நகலைத் தொடாது. டெபியன் லினக்ஸ் தரும் பைத்தான்3-சைகோபிஜி2 பேக்கேஜ் அப்படியல்ல. லிப்பிக்யூ5 என்ற தனி நூலகப் பேக்கேஜ் வேண்டுமென்று வெளிப்படையாகச் சொல்கிறது, நூலகம் திருத்தப்பட்டால் இதற்கும் பலன் கிடைக்கும். பைத்தான் பேக்கேஜின் விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவில், இப்படி வெளியிலிருந்து வேண்டியவற்றைச் சொல்ல 'ரெக்வயர்ஸ்-எக்ஸ்டர்னல்' என்றொரு புலம் உண்டுதான். பிப் அதைக் கண்டுகொள்வதில்லை.