சாண்டர்சன்: பிடிக்கும், ஆனா கடுப்பும் வரும்

ஃபேன்டசி நாவல் எழுதுற பிராண்டன் சாண்டர்சன்னு பேச்ச எடுத்தாலே ரெண்டு கோஷ்டி வந்துடும், ஒன்னு தலையில தூக்கி வச்சு ஆடும், இன்னொன்னு அந்தாளுக்கு எழுதவே வராதுங்கும். நான் ரெண்டுலயும் சேர்த்தி இல்ல.

மொதல்ல அவரோட மிஸ்ட்பார்ன் நாவல். 2006ல வந்தது. உலோகத்த முழுங்கி வயித்துக்குள்ள "எரிச்சா" சக்தி வரும், ஸ்டீல எரிச்சா சுத்தி இருக்குற உலோகத்த தள்ளலாம். கதாநாயகி வின் ஒரு காச கீழ போட்டு தள்ளுவா பாருங்க, காசு தரையில முட்டி நின்னதும் அந்த தள்ளே இவள மேல தூக்கிடும், தன்னவிட வெயிட்டான சாமான தள்ளினா இவ தான் பின்னாடி பறப்பா. ஸ்கூல்ல கடம் அடிச்ச நியூட்டன் மூணாவது விதி தான், ஆனா ராத்திரி, பனிமூட்டம், வானத்துலருந்து சாம்பல் கொட்டுற ஊருன்னு சேர்த்து படிக்கும்போது சும்மா ஜிவ்வுன்னு இருக்கும்.

பிரச்சன என்னன்னா மேஜிக்குக்கு இப்படி ரூல் போட்டு விளக்குற அதே பழக்கம் தான் பின்னாடி வினையாகுது. அவரோட ஸ்டார்ம்லைட் நாவல் வரிசைல ஒவ்வொன்னும் ஆயிரம் பக்கத்துக்கு மேல, எல்லாத்தையும் விளக்கியே ஆகணும்னு மனுஷனுக்கு என்ன பிடிவாதமோ. அதுல நாலாவது புக்கான ரிதம் ஆஃப் வார்ல நவானிங்கிற ராணி ஒளிய வச்சு எக்ஸ்பெரிமெண்ட் பண்றதெல்லாம் சிலருக்கு உயிரு, எனக்கு பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டு படிச்ச மாதிரி இருந்துச்சு. சாமி, சாத்தான், ஆவி எல்லாத்துக்கும் ரூல் போட்டுட்டா அப்புறம் நான் எதப் பாத்து வாயப் பொளக்குறது? மேஜிக்க வாசகனுக்கு நல்லா புரிய வச்சா தான் அத வச்சு கதை முடிச்ச அவுக்கலாம்னு அவரே ஒரு விதி எழுதி வச்சிருக்காரு, சரி தான், ஆனா அதுக்குன்னு இவ்ளோவா! அதே வரிசைல வர்ற ஷல்லான்ங்கிற பொண்ணு அடிக்கிற ஜோக்க பத்தி நான் பேசவே மாட்டேன், பிபி ஏறும்.

ஆனா ஸ்டார்ம்லைட் ஹீரோ கலாடின் விஷயத்துல நான் சாண்டர்சன் பக்கம். ஒவ்வொரு புக்லயும் மறுபடி மறுபடி டிப்ரஷன்ல விழுறான், போர் அடிக்குதுன்னு பல பேர் திட்டுறாங்க. அது அப்படித்தாங்க திரும்பத் திரும்ப வரும், ஒரு சண்டை ஜெயிச்சா சரியாகிடுமா என்ன? மொதல் புக்ல கவசம் கூட இல்லாம அம்பு மழைக்கு நேரா பாலத்த தூக்கிட்டு ஓடுற கூட்டத்துல, செத்தா சாகட்டும்னு விட்டவங்கள ஒவ்வொருத்தனா பேர் கேட்டு அவன் ஒன்னு சேர்ப்பான், அந்த இடத்த இப்ப எடுத்து படிச்சாலும் தொண்ட அடைக்கும். அதே ஆள 2024ல வந்த அஞ்சாவது புக் விண்ட் அண்ட் ட்ரூத்ல மனநல ஆலோசகரா ஆக்கி இன்னிக்கு ஆபீஸ் எச்ஆர் பேசுற பாஷைல பேச விட்டத தான் மன்னிக்க முடியல.

ஸ்டார்ம்லைட் மொத்தம் பத்து புக் பிளானாம், அஞ்சு முடிஞ்சிருக்கு. ஆறாவது வந்தா திட்டிக்கிட்டே வாங்குவேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க மிஸ்ட்பார்ன் மொத மூணு படிங்க, அதுக்கு மேல உங்க பாடு.