அம்பாய்: நகராட்சியே இல்லாத ஊர்

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள அம்பாய் தன் நகராட்சித் தகுதியை இழந்துவிட்டதாக, அவ்வூரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் வருகிறது. அது தவறு: அவ்வூருக்குத் தனி நகராட்சி என்றுமே இருந்ததில்லை, சான் பெர்னார்டினோ கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நேரடியாக நிர்வகிக்கும் சிற்றூர் அது. 1883-இல் ரயில்பாதை அமைத்தபோது அம்பாய், பிரிஸ்டல், காடிஸ், டான்பி என நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் சூட்டிக்கொண்டு போனார்கள் (பாலைவனத்தில் வேறு யோசனை எழவில்லை போலும்). 1926-இல் வந்த 66-ஆம் எண் நெடுஞ்சாலையால் பெட்ரோல் பங்க், விடுதி, உணவகம் என்று வாழ்ந்த ஊர், 1973-இல் 40-ஆம் எண் விரைவுச்சாலை வடக்கே விலகிச் சென்றதும் வெறிச்சோடியது. இன்று அங்கு குடியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அருகிலுள்ள எரிமலைக் கூம்பையும் பிரிஸ்டல் உப்புப் படுகையையும் கட்டுரை தொடாமல் விட்டதுதான் எனக்குக் குறை.