ஒன்பது பேர் இருந்த வீட்டில் ஒரே ஒரு சாவி

போன ஞாயிற்றுக்கிழமை கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணன் கவுன்சிலை, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்தை, திட்ட ஆரம்பித்தார். அவருக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. மூன்றையும் ரூம் ரூமாக வாடகைக்கு விட்டிருக்கிறார். "நம்ம ஊர்ப் பசங்க பெட்டியோட வந்து நிக்கிறாங்க, தங்க இடம் கொடுக்கறோம். இதுக்குப் போய் லைசென்ஸ், ஃபீஸ், ஃபயர் டோர்னு உயிரை எடுக்கறாங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் எதிர்த்துப் பேசினேன், குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்ததற்கு அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பேசிய விஷயத்துக்குக் கேட்க மாட்டேன். அன்றைக்குப் பாதியில் நின்றுபோனதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

2010 செப்டம்பரில் படிக்க வந்தேன். கும்பகோணத்திலிருந்து நேராகக் கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீடு. மாடியில் மூன்று அறை, கீழே ஹால், பின்னால் சமையலறை. ஹாலை மூடி அதையும் பெட்ரூம் ஆக்கியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர், ஒரே பாத்ரூம். எனக்குக் கிடைத்தது பாக்ஸ் ரூம். கட்டில் போட்டபின் கதவு பாதிதான் திறக்கும். படுத்துக்கொண்டு கையை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடலாம். ஆறடிக்கு ஏழரை அடி, 45 சதுர அடி. வாடகை மலிவு, பில்லும் அதில் சேர்த்தி. அந்த வயதில் அது போதும் என்றுதான் தோன்றியது.

சமையலறைக் கூரையில் ஒரு ஸ்மோக் அலாரம் இருந்தது. மிளகாய் தாளித்தாலே அலறும். அதனால் எனக்கு முன்பு இருந்த யாரோ அதன்மேல் ஒரு கேரி பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். நாங்களும் எடுக்கவில்லை. வாசல் கதவை உள்பக்கமும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். சாவி ஓர் ஆணியில் தொங்கும்.

அடுத்த ஜனவரியில் ஒரு நாள், ராத்திரி மூன்று மணி இருக்கும். ஹாலில் தூங்கிய பையன்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். சென்ட்ரல் ஹீட்டிங் பத்து மணிக்கே நின்றுவிடும், வேறு என்ன செய்வார்கள்? பாக்ஸ் உருகிக் கார்ப்பெட் பற்றிக்கொண்டது. அலாரம் அடிக்கவில்லை. ஒருவனுக்கு இருமல் வந்து முழிப்பு வந்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது. கீழே ஓடி வந்தால் வாசல் கதவு பூட்டியிருக்கிறது, ஆணியில் சாவி இல்லை. நைட் ஷிஃப்ட் போனவன் பூட்டிவிட்டுக் கையோடு கொண்டுபோயிருக்கிறான். பின்கதவுச் சாவியை நான் கண்ணாலேயே பார்த்ததில்லை. சமையலறை ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தோட்டத்தில் குதித்தோம். இரண்டு பேர் மட்டும் உள்ளே நின்று மெயினை அணைத்து, போர்வையை நனைத்துப் போட்டு நெருப்பை அடக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கதவின் கைப்பிடியை நான் இழுத்துக்கொண்டே நின்ற அந்த அரை நிமிடம் இன்னும் கனவில் வருகிறது.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். நம்மவர்தான். நல்ல மனிதர் என்றே சொல்வேன். பொங்கலுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர், வேலை தேடவும் உதவியவர். கருகிய கார்ப்பெட்டைப் பார்த்துவிட்டு, "கவுன்சில்லேர்ந்து யாராவது வந்து கேட்டா எல்லாரும் கசின் பிரதர்ஸ்னு சொல்லிடுங்க தம்பி" என்றார். நாங்களும் சரி என்றோம்.

கசின் பிரதர்ஸ் என்று ஏன் சொல்லச் சொன்னார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, மூன்று பேராவது இருந்து, அவர்கள் ஒரே குடும்பமாக இல்லாமல், சமையலறையோ பாத்ரூமோ பொதுவாக இருந்தால் அது எச்எம்ஓ, அதாவது பல குடும்பத்தினர் சேர்ந்து வாழும் வீடு. குடும்பம் என்பதில் தாத்தா பாட்டி, மாமா, சித்தி, அண்ணன் பிள்ளை, ஒன்றுவிட்ட சகோதரன் வரை சேர்த்திருக்கிறார்கள். நமக்கே ஏற்ற மாதிரி தாராளமான கணக்கு. ஆனால் ஒரே ஊர்க்காரன், ஒரே காலேஜ், ஒரே சாதி என்பதெல்லாம் அதில் வராது. கும்பகோணம், திருச்சி, ஓங்கோல், யாழ்ப்பாணம் என்று வந்த ஒன்பது பேரை ஒரே குடும்பமாக்கத்தான் அந்த கசின் பிரதர்ஸ்.

உண்மையில் லைசென்ஸ் விஷயத்தில் அவர் பயந்திருக்கவே வேண்டியதில்லை. அன்றைக்கு இங்கிலாந்து முழுவதும் கட்டாய லைசென்ஸ் தேவைப்பட்டது மூன்று தளமோ அதற்கு மேலோ இருந்து, அதில் ஐந்து பேராவது இருக்கும் வீடுகளுக்கு மட்டும். எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டே தளம். ஒன்பது பேர் படுத்தாலும், கவுன்சில் தனியாக ஒரு திட்டம் கொண்டுவராதவரை, கட்டாய லைசென்ஸ் கிடையாது. மாடியை எண்ணினார்கள், தலையை எண்ணவில்லை. 2018 அக்டோபர் 1 அன்றுதான் அந்த மாடிக் கணக்கை எடுத்தார்கள். இப்போது ஐந்து பேர், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், பொதுச் சமையலறை என்றால் ஒரே தளத்து வீடானாலும் லைசென்ஸ் வேண்டும். மூன்று, நான்கு பேர் இருக்கும் வீடுகளைக் கவுன்சில் விரும்பினால் கூடுதல் திட்டத்தில் சேர்க்கலாம். நியூஹாம் கவுன்சில் இதற்கெல்லாம் முன்பே, 2013 ஜனவரியில், பகுதி முழுவதற்கும் வாடகை வீட்டு லைசென்ஸ் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதுதான் முதல். அண்ணன் திட்டிய கவுன்சில் அதுதான். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஸ்காட்லாந்து இதில் முந்திக்கொண்டது. காரணம் மகிழ்ச்சியானதல்ல. 1999ல் கிளாஸ்கோவில் ஒரு பேஸ்மென்ட் ஃபிளாட்டில் தீப்பிடித்து இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். திருடன் வராமல் இருக்க ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. அந்தக் கம்பிதான் அவர்களை வெளியே வரவிடவில்லை. அடுத்த வருடமே அங்கே கட்டாய லைசென்ஸ் வந்தது. அதைப் படித்த அன்று எங்கள் சமையலறை ஜன்னலை நினைத்தேன். அதில் கம்பி இல்லை. அன்று உள்ளே இருந்த எல்லாரும் உயிரோடு இருக்க அதுதான் காரணம்.

சரி, அண்ணனின் ஃபீஸ் கணக்குக்கு வருகிறேன். நானும் இப்போது ஒரு வீட்டை ஐந்து பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதனால் இது எனக்குத் தெரிந்த கணக்குதான். லைசென்ஸுக்கு ஐந்து வருடத்துக்கு 1,350 பவுண்டு கட்டினேன். மாதத்துக்கு 22.50. ஆளுக்கு 4.50. ஃபயர் டோர், ஒன்றோடொன்று இணைந்த அலாரம், வயரிங் வேலைக்குத்தான் பெரிய தொகை போனது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வந்தவர் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. சமையலறையில் வைப்பது புகை அலாரம் இல்லை, வெப்ப அலாரம். எத்தனை மிளகாய் தாளித்தாலும் அது கத்தாது, சூடு ஏறினால்தான் கத்தும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அது இருந்திருந்தால் கேரி பேக்குக்கே வேலை இல்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம் சாவி இல்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டு. அதற்கு ஆனது முப்பது பவுண்டு சொச்சம். அதை மாட்டி முடித்ததும் நான்கைந்து முறை திறந்து திறந்து பார்த்தேன். மாட்டியவர் ஒரு மாதிரி பார்த்தார். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அறையின் அளவு. இப்போது லைசென்ஸ் உள்ள வீட்டில் பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது 70 சதுர அடி. இருவர் என்றால் 10.22. பத்து வயதுக்குட்பட்ட குழந்தை தனியாகத் தூங்குவதற்கே 4.64. கூரை ஐந்தடிக்கும் கீழே சரியும் லோஃப்ட் மூலைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் ஒரு வருடம் படுத்திருந்த 45 சதுர அடி சுமார் 4.2 சதுர மீட்டர். இன்றைய விதிப்படி ஒரு சின்னக் குழந்தையைக்கூட அங்கே தூங்க விடக் கூடாது. "பசங்களே கேட்கிறார்கள், சின்ன ரூம்தான் மலிவு" என்று அண்ணன் சொன்னார். கேட்பார்கள். நானும்தான் கேட்டேன். இருபத்து மூன்று வயதில் கடனோடு வந்து இறங்குகிறவன் எதையும் கேட்பான். அதனால்தான் அந்த அளவை அவனும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்யும்படி விடக் கூடாது.

லைசென்ஸ் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் கிழக்கு லண்டன் ஷாட்வெல்லில் ஒரு ஃபிளாட்டில் எலக்ட்ரிக் பைக் பேட்டரி தீப்பிடித்து, பங்களாதேஷிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன ஒருவர் இறந்துபோனார். அந்தச் சின்ன ஃபிளாட்டில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தது. அதில் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு பேர் உள்ளே இருந்தார்கள். இன்றைக்கு நம் பையன்கள் எத்தனை பேர் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டு வந்து பேட்டரியை ஹாலில், அதுவும் வெளியேறும் வழியிலேயே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கவுன்சில்கள்மேல் என் கோபம் இங்கேதான். பணத்தை வாங்கினால் வந்து பார்க்க வேண்டும். என் வீட்டுக்கு லைசென்ஸ் வந்து பதினொரு மாதம் கழித்துத்தான் ஓர் அதிகாரி வந்தார், பதினைந்து நிமிடம் இருந்தார். வீட்டில் ஆபத்து ஏதும் இல்லை என்று கவுன்சில் உறுதி செய்துகொள்ளச் சட்டம் கொடுக்கும் அவகாசமே விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து வருடம். லைசென்ஸின் ஆயுளும் அதிகபட்சம் ஐந்து வருடம்தான். இது மாற வேண்டும். முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் சொல்லாமல் ஒரு தடவை வந்து கட்டில்களை எண்ண வேண்டும். அதற்கு ஃபீஸ் கூடினால் கூடட்டும், நான் கட்டுகிறேன்.

"இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் பசங்க நடுத்தெருவில்தான் நிற்பாங்க" என்பது அண்ணனின் கடைசி வாதம். இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. பயம் உண்மையான பயம். ஆனால் சட்டம் வாடகைக்கு இருப்பவன் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது நம் பையன்களுக்குத் தெரிவதே இல்லை. லைசென்ஸ் எடுக்க வேண்டிய வீட்டை எடுக்காமல் விட்டால், தப்பு வீட்டுக்காரருடையது. குடியிருப்பவனுடையது இல்லை. நீதிமன்றம் போகாமலே கவுன்சில் 30,000 பவுண்டு வரை அபராதம் போடலாம் என்று இருந்தது, 2025ல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 40,000 ஆக்கியிருக்கிறது. குடியிருப்பவன் தானே டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துக் கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்கலாம். முன்பு 12 மாத வாடகை வரை, புதிய சட்டத்தில் 24 மாதம் வரை. வீட்டுக்காரர் கூடவே குடியிருக்காத வீட்டில், முறையாகக் கோர்ட்டுக்குப் போகாமல் பூட்டை மாற்றி வெளியே தள்ளுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதை மொத்தமாக எடுத்து ரூம் ரூமாக உள்வாடகைக்கு விடுகிறவர் இன்னொருவர். பிரச்சினை வந்தால் இடையில் இருப்பவர் ஃபோனை அணைத்துவிடுவார். சொந்தக்காரரோ தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். 2023ல் உச்ச நீதிமன்றமும், நேரடியாக யாரிடம் வாடகை கொடுத்தாயோ அவரிடம்தான் திரும்பக் கேட்க முடியும் என்று சொல்லிவிட்டது. புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது, மேலே இருக்கும் சொந்தக்காரரையும் கேட்கலாம். வாடகையை மட்டும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகக் கொடுங்கள், அதுதான் கையில் இருக்கும் அத்தாட்சி.

சொந்த வீட்டில் தானும் இருந்துகொண்டு ஒன்றிரண்டு பேரை வைத்திருக்கும் அக்கா, அண்ணன்மார் பதற வேண்டாம். இரண்டு பேர் வரை அது எச்எம்ஓ ஆகாது. மூன்றாவது ஆள் வந்தால் கணக்கு மாறும், உங்கள் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கவுன்சிலும் லைசென்ஸ் கொடுத்த வீடுகளின் பட்டியலை யார் கேட்டாலும் காட்ட வேண்டும், பல இடங்களில் இணையத்திலேயே தேடலாம். இந்த செப்டம்பரில் வருகிறவர்கள், டெபாசிட் கொடுப்பதற்கு முன் வீட்டு முகவரியை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது வாசல் கதவை உள்ளே நின்று சாத்திவிட்டு, சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.