செத்த பேட்டரிக்கு நாதியில்லை

நம் தென்னாப்பிரிக்காவில் 2024 மார்ச் கடைசியில் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஓய்ந்தது. 2025இல் சில நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த இருட்டுக் காலத்தில் வாங்கிக் குவித்த சார்ஜ் லைட்டும் டார்ச்சும் பவர் பேங்கும் இப்போது ஒவ்வொன்றாக உயிரை விடுகின்றன. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் எந்த வீட்டு டிராயரைத் திறந்தாலும் அவைதான். ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் எல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் போய்விடும்.

கேட் மோட்டார் பேட்டரியை யாராவது குப்பையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குள் ஈயம் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் காசு கிடைக்கும். ரிமோட்டில் இருந்து கழற்றிய பேட்டரிக்கு ஒரு சென்ட்கூடத் தேறாது. அதனால்தான் அதைக் கேட்க ஆளில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஈய பேட்டரியைக் குப்பைமேட்டில் கொட்ட 2013இலேயே தடை வந்தது. மற்ற பேட்டரிகளுக்குக் கொடுத்த 8 ஆண்டு அவகாசமும் 2021இல் முடிந்துவிட்டது. நம் தெருவில் யாருக்காவது தெரியுமா? குப்பைமேடு பக்கத்தில் இருந்தால் என்ன பாடு என்று டர்பனின் கிளேர் எஸ்டேட்காரர்களுக்குத் தெரியும். அங்கே பிசாசர் ரோடு குப்பைமேடு 1980இல் திறந்தது. அதற்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு, மூடச் சொல்லிப் போராடிய சஜிதா கான் 2007இல் இறந்துபோனார்.

எல்லா பேட்டரியும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை. சாதாரண பென்சில் பேட்டரியை விட லித்தியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். குப்பை லாரி அழுத்தும்போது பவர் பேங்க் நசுங்கினால் உள்ளேயே தீப்பிடிக்கலாம். பாவம், லாரியில் வருகிறவர்கள். தீபாவளிக்கு வைக்கிற பிளாஸ்டிக் விளக்கைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பொத்தான் போல ஒரு பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கி, தொண்டைக்குக் கீழே சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பொத்தான் பேட்டரி, லித்தியம், சதுரமான 9 வோல்ட் இவற்றின் முனைகளில் செலோடேப் ஒட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மறுசுழற்சிக்குக் கொடுக்கிற ஆரஞ்சுப் பையிலும் போடாதீர்கள், அது காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும். பிக் அன் பே சூப்பர்மார்க்கெட் கடைகளில் பழைய பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சாமான் வாங்கப் போகும்போது கொண்டுபோய்ப் போடலாம்.

ஆனால் கார் இல்லாத பாட்டி இதற்காக மால் வரை போவாரா? விற்கிற ஒவ்வொரு கடையும், மூலைக் கடை உட்பட, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை நம் கோயில் கமிட்டிகள் வாசலில் மூடி போட்ட ஒரு வாளி வைக்கலாமே. வெயில் படாத இடமாகப் பாருங்கள். உப்பிப்போன போன் பேட்டரியை மட்டும் அதில் வாங்க வேண்டாம்.