காவலுக்குப் படுத்த கம்யூனிசம்

திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம் (ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் நெல் போட வேண்டும்). தை மாத இரவு, நல்ல பனி. குவித்த நெல்லுக்குக் காவலாக இரண்டு பேர். மாமா பழைய செங்கொடிக்காரர், இரண்டு ஏக்கர் சம்பா போட்டவர். மாப்பிள்ளையின் பெயர் லெனின். அந்தப் பெயரை வைத்ததே மாமாதான், ஆனால் மாப்பிள்ளை இப்போது வங்கிக் கடனில் அறுவடை மெஷின் வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்.

லெனின்: ஈரப்பதம் எவ்வளவு காட்டியது மாமா?

மாமா: 19. பதினேழுக்குள் இருந்தால்தான் எடுப்பார்களாம். ஒரு பிடி நெல்லை அள்ளி அந்தச் சின்னப் பெட்டியில் போட்டான், நம்பரைப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். காலையில் வெயில் வந்ததும் கிளறிவிட வேண்டும்.

லெனின்: அரசாங்கமே வியாபாரம் பார்த்தால் இதுதான் கதி. சோவியத்தில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றார்கள் என்று சிரிப்போம். நாம் விற்பதற்கே வரிசையில் படுத்துக்கிடக்கிறோம்.

மாமா: அப்படியானால் தனியார் வியாபாரியிடம் போட்டுவிட்டு வா. சந்தைதானே உன் குலதெய்வம்.

லெனின்: அவன் கேட்கிற அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் மெஷின் தவணையை யார் கட்டுவது?

மாமா: ஆக, நாட்டில் எல்லாவற்றையும் சந்தைக்கு விட்டுவிடலாம், உன் நெல்லை மட்டும் அரசாங்கம் வாங்க வேண்டும். நல்ல கொள்கைடா இது, இதற்கு ஒரு கட்சி ஆரம்பி.

லெனின்: நீங்கள் மட்டும் என்னவாம்? உங்கள் கட்சிச் சின்னத்தில் அரிவாள். வயலில் இறங்கினது என் மெஷின்.

மாமா: அரிவாள் பிடிக்க ஆள் எங்கே இருக்கிறான்? எல்லாரும் திருப்பூருக்குப் போய்விட்டான்.

லெனின்: அப்போது சின்னத்தை மாற்றி அறுவடை மெஷினாக வைத்துவிடுங்கள்.

மாமா: சுவரில் வரைவது கஷ்டம்.

(இந்த ஒரு பதிலில் நியாயம் இருக்கிறது. 1964இல் கட்சி இரண்டாக உடைந்தபோதுகூட ஒருவர் கதிரோடும் மற்றவர் சுத்தியலோடும் போனார்கள், அரிவாளை மட்டும் யாரும் விடவில்லை.)

லெனின்: சரி, ஒன்று கேட்கிறேன். மார்க்ஸ் லண்டனில் உட்கார்ந்து மூலதனம் எழுதினாரே, வீட்டுச் செலவுக்குக் காசு யார் கொடுத்தது? அவர் நண்பர் எங்கெல்ஸ். எங்கெல்ஸுக்கு ஏது காசு? அவர் அப்பாவுக்கு மான்செஸ்டர் பஞ்சாலையில் பங்கு. முதலாளித்துவத்தை ஒழிக்க முதலாளி காசு!

மாமா: உலகத்திலேயே ஒரு முதலாளி மகன் உருப்படியாகச் செலவு செய்திருக்கிறான், அதையும் குறை சொல்கிறாயே. கொடுத்த காசுக்கு எங்கெல்ஸ் உன்னை மாதிரி மணிக்கணக்கில் வாடகையா போட்டான்?

லெனின்: (காதில் விழாதது போல) ஸ்டாலின் நிலத்தையெல்லாம் பிடுங்கிக் கூட்டுப்பண்ணை ஆக்கினார், 1932, 33இல் உக்ரைனில் லட்சக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாமா: அது தப்பு. தப்பைத் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் நெய்வேலி அனல்மின் நிலையம் யார் உதவியில் வந்தது? சோவியத் உதவியில்தானே? அதையும் சொல்.

லெனின்: சீனாவில் என்ன நடந்தது? 1978இல் சியாவோகாங் என்ற கிராமத்தில் 18 விவசாயிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடி, பொதுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வோம் என்று ரகசியமாக எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். எவனாவது ஜெயிலுக்குப் போனால் அவன் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த அறுவடையில் களம் கொள்ளாத விளைச்சல்.

மாமா: இவன் பிள்ளையை அவன் வளர்ப்பான் என்று எழுதினார்கள் பார், அது என்ன முதலாளித்துவமா? அதுவும் எங்கள் கணக்கில்தான் வரும்.

லெனின்: எது நல்லதோ அது உங்கள் கணக்கு!

மாமா: உன் ஆட்கள் மட்டும் யோக்கியமா? 2008இல் அமெரிக்காவில் வங்கிகள் குப்புற விழுந்தபோது என்ன செய்தார்கள்? சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்களா? அரசாங்கம் 70,000 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கித் தூக்கி நிறுத்தியது. லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்குப் பொது.

லெனின்: நீங்கள் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்கு மனு கொடுத்தீர்களே?

மாமா: அது வேறு.

லெனின்: எப்படி வேறு?

மாமா: தொகை சின்னது. (கொஞ்சம் பொறுத்து, குரல் மாறி) டேய், எல்லாவற்றையும் கேலி பண்ணு, ஒன்றை மட்டும் பண்ணாதே. என் தாத்தா பண்ணையாள். வேலைக்கு லேட்டாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். கன்னடம் பேசும் நாட்டிலிருந்து எங்கள் கட்சித் தலைவர் சீனிவாசராவ் வந்து, தமிழையே இங்கே வந்து பழகிக்கொண்டு, சேரி சேரியாகப் படுத்துக் கிடந்து சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்றார். அப்புறம் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று சொன்ன ராஜாஜி ஆட்சியிலேயே வந்தது.

லெனின்: அதை யார் மாமா மறுத்தார்கள்? அந்தச் சங்கம் இல்லையென்றால் நான் மெஷின் ஓட்டியிருக்க மாட்டேன், எவன் வீட்டு மாட்டையோ ஓட்டியிருப்பேன்.

மாமா: அது!

லெனின்: ஆனால் பம்புசெட்டுக்கு இலவசக் கரண்டு உங்கள் கட்சி ஆட்சியில் வரவில்லையே, ரேஷன் அரிசியும் திராவிடக் கட்சிக்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

மாமா: எங்கள் கடையில் சரக்கை எடுத்து அவர்கள் கடையில் லேபிள் ஒட்டி விற்றார்கள். பெரியாரே 1932இல் ரஷ்யா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தானே. நாங்கள் உண்டியல் குலுக்கினோம், அவர்கள் ஓட்டை வாங்கிக்கொண்டார்கள்.

(சொட்டு விழுகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் மாமாவின் தார்ப்பாயைப் பார்க்கிறார்கள்.)

லெனின்: மாமா, பெரிய தார்ப்பாய்தானே, என் குவியலுக்கும் சேர்த்து இழுத்துவிடலாமா?

மாமா: விடலாம். மணிக்கு எவ்வளவு தருவாய்?

லெனின்: என்ன மாமா இது, தோழர் பேசுகிற பேச்சா?

மாமா: போன வாரம் உன் மெஷின் என் வயல் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றதே, அந்த அரை மணி நேரத்துக்கும் வாடகை போட்டாயா இல்லையா? மாமன் என்று பார்த்தாயா?

லெனின்: டீசல் ஓடியது மாமா!

மாமா: தார்ப்பாயும் தேய்கிறது. அசல் லெனினே 1921இல் கொஞ்சம் வியாபாரம் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார், புதிய பொருளாதாரக் கொள்கை என்று பெயர். நானும் இன்று ராத்திரிக்கு மட்டும் அதை அமல்படுத்துகிறேன்.

லெனின்: மழை எல்லாருக்கும் பொது மாமா, தார்ப்பாயும் பொதுவாக இருக்கக்கூடாதா?

மாமா: இப்படி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தேன். அரை மணி வாடகையைக் கழித்துக்கொள், இழுத்துவிடுகிறேன்.

(பக்கத்து மூட்டை அடுக்கின் மேல் போர்த்திப் படுத்திருந்த சுமை தூக்கும் தொழிலாளி தலையை வெளியே நீட்டுகிறார்.)

தொழிலாளி: ரெண்டு முதலாளிகளும் சண்டையை முடித்துவிட்டுச் சொல்லுங்கள். ராத்திரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டுமென்றால் சங்கத்தில் தனி ரேட்.

மாமா: யாரைப் பார்த்து முதலாளி என்கிறாய்? என் வயதென்ன, சர்வீஸ் என்ன, நான் ஜெயிலுக்குப் போனவன்டா!

தொழிலாளி: இருக்கட்டும் தோழர். நெல் யாருடையது?

மாமா: ...டேய் லெனின், அந்த முனையைப் பிடி. நாமே இழுத்துக்கொள்வோம்.